கை காட்டாமல் வழிவிடுவது

செய்தி தொலைபேசியில் வந்தது. அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்து, மாலைச் செய்திகள் இன்னும் வந்து சேராத இடைநேரம். எதிர்முனையில் லாரிகளின் இரைச்சல். அதற்கு நடுவே, மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்களுக்கு உரிய அவசரத்தோடு ஒரு குரல்.

"சார், சென்னியப்பன் பேசறனுங்க. வாளையார் பூத்துல இருந்து. பிரேக் ஐயா போயிட்டாருங்க."

எப்போது என்று கேட்டேன்.

"மத்தியானம் சோறு உண்டுபோட்டு ஈஸி சேர்ல சாஞ்சிருக்காருங்க. அம்மா மோரைக் கொண்டுபோய்க் குடுத்தா எந்திரிக்கலியாம். கம்பெனிக்குப் போன் வந்துச்சாமுங்க, இங்கிருந்து பேசுனப்பச் சொன்னாங்க. நான் டேங்கரைக் கொண்டாந்து உட்டுப்போட்டுத்தான் வரோணும். சாயங்காலத்துக்குள்ள வந்துருவனுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வேகமா வர மாட்டனுங்க சார். இன்னைக்கு நான் வேகமா வந்தன்னு தெரிஞ்சா எந்திரிச்சு உக்காந்து திட்டிப்போடுவாரு."

அழுகிற குரலில்தான் அதைச் சொன்னார். ஆனால் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

பிரேக் ஐயா என்று லாரிக்காரர்கள் கூப்பிட்ட வரதராஜுலு அவர்களை, இதைப் படிக்கிறவர்களில் பலர் காக்கி உடுப்பில் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்கு அரசாங்கம் என்ன பெயர் வைத்திருந்தாலும் நம் ஊரில் அது பிரேக் இன்ஸ்பெக்டர்தான். லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அவர் முன்னால் ஓட்டிக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். ஓய்வு பெற்ற பிறகு, மதுக்கரையில் ஒரு பழைய கிடங்கு வளாகத்தில் லாரி ஓட்டுநர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தினார். புதிதாகக் கற்க வந்தவர்களுக்கு அல்ல. பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு. இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த வகுப்பு, போன ஞாயிற்றுக்கிழமை வரை நடந்தது.

அவர் எனக்கு அறிமுகமானது ஒரு குற்றச்சாட்டோடு. ஒரு நாள் காலை, முந்தின நாள் பேப்பரை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருந்தது. விபத்துச் செய்தி எழுதுவது யார் என்று விசாரித்து என் மேசைக்கு வந்து, உட்காராமலே பேசினார்.

"நீங்க எழுதுன செய்திங்களா இது? ‘முந்திச் செல்ல முயன்றபோது எதிரே வந்த பஸ் மீது வேன் மோதியது.’ போன வாரமும் இப்படித்தான் எழுதியிருந்தீங்க. அதுக்கு முந்தின வாரமும்."

"விபத்து அப்படித்தானே சார் நடக்குது?"

"முந்த முயன்றான், சரி. எதிரே பஸ் வர்றப்போ முந்தறதுக்கு அவனுக்கென்ன பைத்தியமா? அவனை யாரு போகச் சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. காவல் நிலையத்தில் சொன்னதைத்தான் எழுதியிருந்தேன். "வாங்க, கேட்டுட்டு வரலாம்" என்றார். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். அந்த ஸ்கூட்டரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக வாங்கியதைப்போல் இருந்தது. உட்காருவதற்கு முன்னால் என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிடச் சொன்னார்.

வேனில் வந்தவர்கள் எல்லோரும் பிழைத்திருந்தார்கள். ஓட்டுநருக்கு மட்டும் கால் முறிந்து, கட்டுப்போட்டுக் கிடந்தார். வரதராஜுலு அவருடைய கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு, ஊர் எது, சொந்தமா, வாடகை வண்டியா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"முன்னால போன லாரிக்காரருதானுங்க கை காட்டுனாரு. போங்கன்னு காட்டுனாரு. போனனுங்க."

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். "அந்த லாரிக்காரருக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது பாருங்க. ஒருத்தருக்கு உபகாரம் செஞ்சோம்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டே இருந்திருப்பாரு" என்றார்.

நம் சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் பாரம் ஏற்றிய லாரி போகும்போது, பின்னால் வருகிறவருக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. ஹாரன் அடிப்பார். லாரி ஓட்டுநர் வலது கையை வெளியே நீட்டி, முன்னும் பின்னுமாக அசைப்பார். ‘போங்க’ என்று அர்த்தம். விதிப் புத்தகத்திலேயே அந்தச் சைகைக்கு இடமுண்டு. ஆனால் நம் பக்கத்தில் அது விதியைவிடப் பெரியது. ஹாரன் அடித்தவருக்குப் பதில் காட்டாமல் போவது, வாசலில் வந்து நின்றவரை ‘வாங்க’ என்று சொல்லாமல் உள்ளே போவதற்குச் சமம். கை காட்டாத லாரிக்காரரைத் திமிர் பிடித்தவர் என்பார்கள். பேச்சில் ‘ங்க’ இல்லாமல் ஒரு வார்த்தைகூடப் பேசத் தெரியாத மனிதர்கள் சாலையிலும் அதே ‘ங்க’வைக் கையால் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். கிடங்கு வளாகம் லாரி உரிமையாளர் நாச்சிமுத்துவினுடையது. சிமென்ட் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய நீளமான கட்டடம், ஒரு மூலையில் திரும்பி மறுபடி நீண்டது. உரிமையாளர்கள் சொல்லி அனுப்பியதால் ஓட்டுநர்கள் வந்திருந்தார்கள். விருப்பத்தோடு வந்தவர் ஒருவரும் இல்லை. பம்பாயும் டெல்லியும் பார்த்தவர்களுக்குப் பாடமா என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

முதலில் எழுந்தவர்தான் சென்னியப்பன். சென்னிமலைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், நாச்சிமுத்துவிடம் வெகுகாலமாக ஓட்டுகிறவர். ஊர்ப் பெட்ஷீட் மூட்டைகளைப் பம்பாய்க்கு ஏற்றிப்போவார். இத்தனை வருடங்களில் வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை என்பது லாரிப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. டெஸ்ட் வெச்சதும் நீங்க. பாஸ் போட்டதும் நீங்க. இப்ப உனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்றதும் நீங்களா? இது நாயமுங்களா?"

கூட்டம் சிரித்தது. வரதராஜுலு சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"நியாயமான கேள்வி. மைதானத்துல கொஞ்ச நேரம் ஓட்டச் சொன்னேன். முன்னால போனீங்க, பின்னால வந்தீங்க, கை காட்டுனீங்க. சட்டம் அவ்வளவுதான் கேட்டுச்சு. நானும் அவ்வளவுதான் பார்த்தேன். அந்தியூர்ச் சந்தையில குதிரை வாங்கறவன்கூட நாலு நடை ஏறிப் பார்க்காம வாங்கறதில்ல. நான் உங்களை அரைகுறையாப் பார்த்துட்டு ரோட்டை ஒப்படைச்சுட்டேன். மிச்சத்தைப் பார்க்கத்தான் இப்ப வந்திருக்கேன்."

அதற்குப் பிறகு டீ வந்தது. அவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக் குடித்தார். "வேலையில இருந்த வரைக்கும் உங்க ஒருத்தர்கிட்டயும் ஒரு டீ குடிக்க முடியலைங்க. குடிச்சா அதுக்கு வேற பேரு வச்சிருவாங்க" என்றார். இறுக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் அங்கேதான் கொஞ்சம் தளர்ந்தார்கள்.

அவர் பாடம் நடத்திய விதத்தை, வந்திருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எந்தப் பழக்கத்தையும் கேலி செய்ய மாட்டார். புறப்படும் முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்களே, அதைப் பற்றி ஒருவர் கேட்டார், அது மூடநம்பிக்கைதானே என்று. "வைங்க, தாராளமா வைங்க. பழம் வைக்கக் குனியறீங்க இல்லைங்களா, அப்படியே டயரையும் ஒரு பார்வை பார்த்துட்டு நிமிருங்க" என்றார். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் உயரும். நடுவில் ஒரு தெலுங்கு வார்த்தை வந்து விழும். அதன் அர்த்தம் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

கை காட்டக் கூடாது என்று அவர் சொன்ன அன்றுதான் வகுப்பு முழுக்க எதிர்த்து நின்றது. "பின்னால வர்றவனுக்குக் கண்ணு இருக்கு. நீங்க உங்க கண்ணை இரவல் குடுக்காதீங்க" என்றார். யாருக்கும் பிடிக்கவில்லை. சென்னியப்பன் மறுபடி எழுந்தார்.

"கை காட்டலீன்னா ஃபெயில்னு டெஸ்ட்ல சொன்னது நீங்கதானுங்களே?"

"ஆமா. எப்படி ஆட்டறீங்கன்னு பார்த்தேன். எப்போ ஆட்டறீங்கன்னு பார்க்க மைதானத்துல எனக்கு வழியில்ல."

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பழகிக்கொண்டார்கள். சென்னியப்பனால் மட்டும் முடியவில்லை. அவருக்குத்தான் அது மிகவும் தேவையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கொச்சிக்கு அமிலம் ஏற்றிப்போக நாச்சிமுத்துவுக்கு ஒப்பந்தம் கிடைத்திருந்தது. டேங்கர் ஓட்டுகிறவர் இந்த வகுப்பில் தேறியவராக இருக்க வேண்டும் என்று தொழிற்சாலை நிபந்தனை போட்டது. காலையில் போனால் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம். பம்பாய் ஓட்டத்தில் வாரக்கணக்கில் வெளியே கிடக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரே ஒரு முறை எனக்குச் சொன்னார்.

"ஊட்டுக்குப் போனா என்ற நாயே என்னையப் பார்த்துக் கொலைக்குதுங்க சார். பொண்டாட்டி தறியில இருந்து எந்திரிச்சு வந்து, ‘இவருதான் நம்ம ஊட்டுக்காரரு’ன்னு அதுக்குச் சொல்லோணும்."

சாலையில் வைத்த முதல் சோதனையில், பின்னால் ஹாரன் கேட்டதும் கை தானாக வெளியே போய்விட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஓட்டினார், ஹாரன் கேட்டதும் கை போய்க் கண்ணாடியில் இடித்தது. "அண்ணே, கையைக் கழட்டி டூல் பாக்ஸுல போட்டுட்டு ஏறுங்க" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் வந்து நின்றார்.

"ஏனுங்க, என்ற எடத்துலயே பாடம் எடுத்துப்போட்டு என்ற டிரைவரையே ஃபெயில் பண்றீங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல அவனாட்டம் ஓட்டறவன் இருக்கறானா? கை காட்டுனது ஒரு குத்தமா?"

"அவராட்டம் ஓட்டறவர் இல்லைங்க. அதனாலதான் பயமா இருக்கு. அவர் கை காட்டுனா எல்லாரும் நம்புவாங்க."

"அப்ப சர்டிபிகேட் குடுக்க மாட்டீங்க?"

"இன்னைக்குக் குடுக்க மாட்டேன்."

அடுத்த மாதத்துக்குள் ஆள் தேறவில்லை என்றால் வேறு ஓட்டுநரைப் போட்டுக்கொள்வதாகவும், வகுப்புக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு நாச்சிமுத்து போய்விட்டார். சென்னியப்பன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

அதற்கடுத்த ஞாயிறு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் லாரிப்பேட்டையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். வரதராஜுலு வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். எங்களையெல்லாம் கட்டடத்தின் மூலையில் ஓரமாக நிற்கச் சொன்னார். கட்டடத்தை ஒட்டிய வழியில் நின்ற ஒரு லாரியில் அவரே ஏறி உட்கார்ந்தார். சென்னியப்பனை நாச்சிமுத்துவின் ஜீப்பில் பின்னால் வரச் சொன்னார்.

"மெதுவா வாங்க. மூலை வந்ததும் ஹாரன் அடிங்க. அவ்வளவுதான்."

லாரி மூலைக்கு வந்து தயங்கியது. ஜீப் ஹாரன் அடித்தது. லாரியின் ஜன்னலிலிருந்து அந்த வெள்ளை முழுக்கைச் சட்டை வெளியே நீண்டு, விதிப் புத்தகத்தில் இருப்பதுபோல அச்சாக அசைந்தது. போங்க. சென்னியப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஜீப்பை வலப்பக்கம் எடுத்து, லாரியைக் கடந்து மூலையைத் திரும்பினார். அங்கே வழியின் நடுவில் வரதராஜுலுவின் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தார். பாதி வேகம் அடங்கிப் போய்த்தான் இடித்தது. இருந்தாலும் ஸ்கூட்டர் சாய்ந்து விழுந்தது. பக்கவாட்டுத் தகடு உள்ளே ஒடுங்கிவிட்டது.

சென்னியப்பன் ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்தார். "ஐயா! உங்க வண்டிங்க! இடிச்சுப்போட்டனுங்க!"

வரதராஜுலு நிதானமாக லாரியிலிருந்து இறங்கினார்.

"ஏன் போனீங்க?"

"நீங்க கை காட்டுனீங்க."

"நான் காட்டுனா? உங்க கண்ணு எங்க போச்சு?"

"நீங்களே காட்டுனதுக்கப்பறம் நான் எதுக்குங்க பார்க்கோணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது. வரதராஜுலு ஸ்கூட்டரை நிமிர்த்த ஒரு கை கொடுக்கச் சொன்னார். இருவரும் சேர்ந்து நிமிர்த்தினார்கள்.

ஆனால் பாடம் அத்தோடு முடியவில்லை. சென்னியப்பன் ஸ்கூட்டரின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சரிங்க, ஒத்துக்கறேன். கை காட்டுனா தப்பு. அப்ப ஒருத்தரு பின்னால வந்து கூப்புடறாரு. நான் கல்லாட்டம் உக்காந்திருக்கறதா? அது மனுசன் செய்யற காரியமுங்களா?"

"யோசிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றார் வரதராஜுலு. உண்மையாகவே ஒரு வாரம் யோசித்தார். அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கியதும் முதல் வேலையாகச் சென்னியப்பனைப் பார்த்துச் சொன்னார்:

"இடம் குடுங்க. தீர்ப்புக் குடுக்காதீங்க. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. இடது பக்கம் ஒதுங்குங்க. அவருக்கு ரோடு தெரியட்டும். போறதா வேண்டாமான்னு அவரே முடிவு பண்ணட்டும். இதுவும் மரியாதைதான். கையால செய்யாம வண்டியால செய்யற மரியாதை."

அதன் பிறகு எந்த வகுப்பில் இதைச் சொன்னாலும், "இது சென்னியப்பன் கேட்ட கேள்விக்குக் கிடைச்ச பதில். அவர் கேட்டிருக்கலைன்னா எனக்குத் தோணியிருக்காது" என்று சேர்த்துத்தான் சொல்வார்.

ஸ்கூட்டர் ஒடுங்கிய கதையை வீட்டில் எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் போனபோது அவருடைய மனைவி சரோஜா அம்மா காபியோடு ஒரு வசவையும் சேர்த்துக் கொடுத்தார். "பாருங்க தம்பி, ஊர்ல ஒருத்தருக்கும் ஆக்ஸிடென்ட் ஆகக் கூடாதுன்னு கிளாஸ் எடுக்கறவரு, சொந்த வண்டியை நடு ரோட்டுல நிறுத்தி இடிக்கச் சொல்லிட்டு வந்து நிக்கறாரு." தகர டிரம் எதையாவது வைத்திருக்கலாமே என்று நானும் வரதராஜுலுவிடம் கேட்டேன். "டிரம்மா இருந்தா டிரம்மை இடிச்சோம்னு சிரிச்சுட்டுப் போயிருவாரு. இதை மறக்க மாட்டாரு" என்றார். சென்னியப்பன் எத்தனை முறை கேட்டும் அந்தத் தகட்டைத் தட்டி எடுக்க அவர் விடவில்லை.

மூன்றாவது சோதனைக்கு என்னையும் வரச் சொன்னார். டேங்கரில் தண்ணீர் நிரப்பியிருந்தது. சென்னியப்பன் ஓட்ட, நடுவில் வரதராஜுலு, ஓரத்தில் நான். மதுக்கரையிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் வாளையாரை நோக்கிப் போனோம். பிறகு பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டது. ஹாரன். நிற்காத ஹாரன்.

சென்னியப்பனின் வலது கை ஸ்டியரிங்கை விட்டுக் கிளம்பியதை நான் பார்த்தேன். ஜன்னல் வரைக்கும் போயிற்று. அங்கே கதவின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. நரம்பு புடைத்தது. பிறகு மெதுவாகத் திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது. காலை எடுத்தார். டேங்கர் வேகம் குறைந்து இடப்பக்கம் ஒதுங்கியது. ஆனால் பஸ் வரவில்லை. எதிரே ஒரு சிமென்ட் லாரி எங்களைக் கடந்து போன பிறகுதான் பஸ் வெளியே வந்து எங்களைத் தாண்டியது. தாண்டும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்:

"ஏய்யா, கையைக் காட்டுனா முறிஞ்சா போயிரும்? லாரி ஓட்டறியா, மாடு மேய்க்கறியா?"

சென்னியப்பனின் முகம் சுண்டிவிட்டது. "என்னைய இப்படி ஒருத்தரும் பேசுனதில்லீங்க ஐயா" என்றார்.

வரதராஜுலு அவர் தோளில் கை வைத்தார்.

"பேசட்டும் சென்னியப்பன். திட்டறதுக்கு ஆள் உசுரோட இருக்காரில்ல."

அன்று மாலையே சர்டிபிகேட் கையெழுத்தானது. சென்னியப்பன் டேங்கர் ஓட்ட ஆரம்பித்தார். இன்றைக்கும் அதே கொச்சி ஓட்டம்தான். நாய் குலைப்பதை நிறுத்திவிட்டதாகச் சில மாதங்கள் கழித்துச் சொன்னார். நாச்சிமுத்து, ஸ்கூட்டர் விஷயத்தைக் கேள்விப்பட்ட பிறகு, இடத்தைக் காலி செய்யச் சொன்ன பேச்சையே எடுக்கவில்லை. ஜீப்பின் முன்பக்கம் ஒடுங்கியதைப் பற்றி மட்டும் வருடாவருடம் ஆயுத பூஜை அன்று நினைவூட்டுவார். அவருக்கு இரண்டு பொட்டலம் பொரி அதிகமாகக் கொடுத்து வரதராஜுலு சமாதானப்படுத்துவார்.

இறுதி ஊர்வலத்தன்று காலை அவர் வீட்டுத் தெருவுக்குள் லாரிகள் நுழைய முடியவில்லை. முக்கியச் சாலையில் ஓரமாக வரிசையாக நின்றன. ஒவ்வொரு லாரியின் பின் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்திருந்தார்கள். சரோஜா அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"தம்பி, வெளிய லாரி நிக்குதாமே. சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்கம்மா. எல்லாருமே."

"அப்ப சரி" என்றார். வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றது. துடைத்துப் பளபளவென்று இருந்தது, ஒடுங்கிய தகட்டோடு. சென்னியப்பன் அதன் பக்கத்திலேயேதான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

மயானத்துக்குப் போகும்போது சென்னியப்பன் ஓட்டிய லாரியில் நான் ஏறிக்கொண்டேன். முன்னால் அமரர் ஊர்தி மெதுவாகப் போனது; நாங்கள் அதற்குப் பின்னால். எங்களுக்குப் பின்னால் ஒரு கார் வந்து சேர்ந்தது. முன்னால் போவது இன்னது என்று அதை ஓட்டியவருக்குத் தெரியாது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சென்னியப்பன் காலை எடுத்தார், இடப்பக்கம் ஒதுங்கினார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. எதிரே வந்த ஒரு டெம்போ போன பிறகு கார் எங்களைக் கடந்தது. ஜன்னலை இறக்கி அவர் எதையோ கத்திவிட்டுப் போனார்.

சென்னியப்பன் முன்னால் போன ஊர்தியைப் பார்த்து, "கேட்டுச்சுங்களா ஐயா? திட்டிப்போட்டுப் போறாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

வரதராஜுலுவிடம் பயிற்சி பெற்ற உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதாவது ஒன்று இருக்கும். எலுமிச்சம்பழம் வைக்கும்போது டயரைப் பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். இறக்கத்தில் கியரை விடாதவர்கள் இருப்பீர்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன. விபத்துச் செய்தி மேசைக்கு வரும்போது, ‘முந்திச் செல்ல முயன்றபோது’ என்று எழுதுவதற்கு முன்னால் மறுபடி போன் செய்து, போகச் சொன்னது யார் என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. கேட்பதை விடுவதில்லை.

மற்றது, நான் வைத்திருக்கும் பழைய காரில். பின்னால் ஹாரன் கேட்டால் காலை எடுத்து, இடப்பக்கம் ஒதுங்கி, கைகளைச் சும்மா வைத்துக்கொள்கிறேன். கடந்து போகிறவர்களில் சிலர் திட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் மறுபடி சாலையில் ஏறுகிறேன்.